முனிர்காப் பேருந்தும் மின்னணுச் சான்றும்

2012 டிசம்பர் 16 இரவு, தெற்குத் தில்லியின் முனிர்காவில் ஓர் இளம்பெண்ணையும் அவர் நண்பரையும் ஏற்றிச் சென்ற வெண்ணிறப் பேருந்தில் நிகழ்ந்த கொடுமையை நாடறியும். அப்பேருந்தை அடையாளங்காணத் துணைபுரிந்தது, மகிபால்பூர் விடுதியொன்றின் கண்காணிப்புக் காமிரா ஆகும். பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரும், ஒரு சக்கரத்தில் மூடி இல்லாமையும் படத்தில் புலப்பட்டன. 2017 மே 5-இல் உச்ச நீதிமன்றம் அப்பதிவைச் சான்றாக ஏற்றுத் தீர்ப்பளித்தது.

ஆயினும், படம் கிடைத்தல் பாதி வேலையே. மின்னணுப் பதிவைக் கண்ணுக்குப் புலனாகாவண்ணம் திருத்த இயலுமாதலால், அது மாறவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். இதற்கு உதவுவது ஹாஷ் மதிப்பு. ஷா-256 என்னும் கணிப்பு முறை, கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதற்குரிய 64 குறிகளைத் தரும். ஒரு காற்புள்ளியை நீக்கினும் அக்குறிகள் முற்றிலும் வேறாகும். ஆசிரியர்கள் பள்ளிக் கணினியிலேயே இதனைச் செய்து காட்டலாம். பதிவைக் கைப்பற்றியவுடன் இம்மதிப்பைக் குறித்துக்கொண்டு, மூலத்தைத் தொடாது நகலையே ஆராய்தல் முறை. காலந்தாழ்த்திக் குறித்த மதிப்பு, இடைப்பட்ட நாட்களுக்குச் சாட்சி கூறாது.

1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இம்மதிப்பைக் கோரவில்லை. 2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழிலோ, மதிப்பையும் கணித்த முறையையும் குறிப்பிட வேண்டும். அதன் முதற்பகுதியில் பதிவை அளிப்பவரும், இரண்டாம் பகுதியில் வல்லுநரும் கையொப்பமிடுவர்.