விருதுக்கு முன் ஒரு வீடியோ

கேள்வி: கோயில் மண்டபத்தில் ஆண்டுதோறும் தமிழ் நாடகம் போடுகிறோம். தேசிய நாடக விழாக்களில் மொழி தெரியாத நடுவர்கள் எப்படி விருது கொடுக்கிறார்கள்?
– நாடகக் குழு அன்பர், ரவாங்

பதில்: எல்லா விழாவும் போட்டியல்ல. டில்லி தேசிய நாடகப் பள்ளி 1999இல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவத்தில் அழைப்பே மரியாதை, பரிசு இல்லை. 2006இல் தொடங்கிய ‘மெட்டா’ எனும் மகிந்திரா நாடக விருது வேறு ரகம். இந்தியா முழுவதிலுமிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துத் தேர்வுக் குழு 10 நாடகங்களைப் பொறுக்கும். அவை டில்லி மேடையில் நடுவர்கள் முன் நடக்கும். நடிப்பு, இயக்கத்தோடு ஒளியமைப்பு, உடை, அரங்க அமைப்புக்கும் தனி விருதுகள் உண்டு. மொழி புரியாவிட்டாலும் இவற்றை எடைபோடலாமே!

நம் மலேசியாவில், 2002இல் தேயிலை நிறுவனமான ‘போ’வின் ஆதரவுடன் உருவான கேமரோனியன் கலை விருதுகள் நாடகத்தோடு நடனத்தையும் இசையையும் சேர்த்துக் கௌரவித்தன.

வீடியோ பார்த்துத் தேர்வு செய்யும் இடங்களில் பலர் கோட்டை விடுவது அந்த வீடியோவில்தான். மண்டபத்து மின்விசிறி இரைச்சலில் வசனம் மூழ்கிவிடும். மைக்கை மேடை விளிம்பில் வையுங்கள். கேமரா முகத்தையே துரத்தாமல், முழு மேடையும் தெரியட்டும். நாடகம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது நன்றாகத் தெரியவும் வேண்டும்.