ரிசல்ட் வந்த வாரம்

போன வருஷம் எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம், ஞாயிறு வகுப்புக்கு முதல் ஆளாய் வரும் ஒரு தம்பியைக் காணோம். செஜாராவில் ஃபெயில். அந்தப் பாடம் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது, உங்களுக்குத் தெரியும். போன் செய்தேன். "இனிமே வந்து என்னண்ணே ஆகப்போகுது?" என்றான். "பாசிட்டிவா யோசிப்பா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டான். தப்பு என்னுடையதுதான்.

அதற்குப் பிறகுதான் விக்டர் ஃபிராங்கலைத் தேடிப் படித்தேன். வியன்னா நகரத்து மனநல மருத்துவர். 1928-இல் இளையோருக்கு இலவச ஆலோசனை நிலையம் தொடங்கியவர். 1930-இல், பள்ளியில் மதிப்பெண் அட்டை கொடுக்கும் நேரத்துக்கென்றே தனி ஏற்பாடு செய்தார். மார்க்கைப் பார்த்து உயிரை விடும் பிள்ளைகள் அன்றைக்கும் இருந்தார்கள். பிறகு, யூதர் என்பதால் நாஜி முகாம்களில் அடைபட்டார். பெற்றோரையும் மனைவியையும் இழந்தார். 1945-இல் உயிரோடு வெளியே வந்தார்.

வாழ்க்கை எனக்கு என்ன தரும் என்று கேட்பதை விட்டு, அது என்னிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கச் சொல்கிறார் ஃபிராங்கல். செய்யும் வேலையில், நேசிக்கும் மனிதரில், மாற்றமுடியாத துன்பத்தைத் தாங்கும் விதத்தில் அர்த்தம் கிடைக்கலாம் என்பார். நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் என்ற மருத்துவர் இதை வைத்தே முற்றிய புற்றுநோயாளிகளுக்குக் குழு சிகிச்சை அமைத்தார். மாணவர்களிடமும் இப்போது செய்து பார்க்கிறார்கள்.

நாங்கள் செய்தது சிகிச்சை இல்லை. வகுப்பு முடிந்து ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். அறிவுரை சொல்லக்கூடாது, அவ்வளவுதான் விதி. (எனக்குத்தான் ரொம்பக் கஷ்டம்!) கேள்வி ஒன்று: "இந்த வாரம் யாருக்கு நீ தேவைப்பட்டாய்?"

மூன்றாவது வாரம் அந்தத் தம்பி வந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டிய டயாலிசிஸ்க்கு கூட்டிட்டுப் போவேன். வாரத்துக்கு மூணு தடவ. நாலு மணி நேரம் வெளிய உக்காந்திருப்பேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

"ஒண்ணும் இல்லையா?" என்றாள் எதிரே இருந்த தங்கை. "எங்க தாத்தாவுக்கு அப்படி யாருமே இல்ல, தெரியுமா?"

அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் அந்தப் பார்வை வந்திருக்காது.

தூக்கம் போய், சாப்பாடு போய், செத்துவிடலாம் என்று தோன்றினால் இந்த வட்டம் போதாது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போங்கள். அல்லது பிஃபிரண்டர்ஸ், 03-7627 2929. கூட ஒரு ஆளும் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

தம்பி செஜாரா மறுபடி எழுதுகிறான். புத்தகத்தை டயாலிசிஸ் மையத்துக்கே எடுத்துப் போகிறானாம். பாட்டி கேள்வி கேட்கிறாராம்.