தண்ணீருக்குள் இழுத்தவள்

கேள்வி: பாதாள மன்னன் பூமிப் பெண்ணைத் தூக்கிப்போகும் கிரேக்கக் கதையைக் காதல் நாவலாக்கிய புத்தகங்களையே என் மகள் படிக்கிறாள். நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இருக்கிறதம்மா, தலைகீழாக! மகாபாரதம் ஆதிபருவத்தில், கங்கையில் நீராடிய அர்ச்சுனனை உலூபி என்ற நாககன்னி நீருக்குள் இழுத்துத் தன் உலகத்துக்குக் கொண்டுபோகிறாள். தன் பிரம்மச்சரிய விரதத்தைச் சொல்லித் தயங்குகிறான் அவன். அந்த விரதம் திரௌபதி விஷயத்துக்கு மட்டும்தான் என்று வாதாடி ஜெயிக்கிறாள். பின்னாளில் தன் மகன் பப்ருவாகனன் கையாலேயே அர்ச்சுனன் மாண்டபோது, நாகமணியால் உயிர்ப்பிப்பவளும் அவளே. கிரேக்கக் கதையின் பெர்செபொனியோ பாதாள மன்னன் ஹேடீஸிடம் அகப்பட்டு, மாதுளை விதை தின்ற பாவத்துக்கு ஆண்டில் ஒரு பகுதியைப் பாதாளத்தில் கழிப்பவள். என் ஓட்டு உலூபிக்கே. அவள் மகன் அரவானுக்குத்தான் கூவாகத்தில் சித்திரைத் திருவிழா.

இதை நாவலாக்கக் கதைக்களமும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது: குற்றாலம் பேரருவி விழும் பொங்குமாங்கடல். (சாரல் சீசனில் அர்ச்சுனனுக்கே குளிக்க இடம் கிடைக்காது, அது வேறு.) குற்றாலநாதர் மேல் வசந்தவல்லி கொண்ட காதலைத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியாகப் பாடிய ஊராயிற்றே! படித்தது போதும், மகளையே ஒன்று எழுதச் சொல்லுங்கள்.