பேடை மாற்றியும் பிரேக் பிடித்தே நிற்கிறதா?

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் ஏ.டி.வி. வண்டிகளைப் பராமரிக்கிறேன். எல்லாம் கடற்கரை மணலில் ஓடுபவை. ஒன்றில் முன் பிரேக் கரகரவென்று சத்தம் போடுகிறது. லீவரை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுக்கமாகவே சுற்றுகிறது. இரண்டு முறை பேட் மாற்றியும் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கோவளம்

பதில்: முதலில் அந்த வண்டியை ஓட்டத்திலிருந்து நிறுத்துங்கள். சத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது இறுக்கம்தான். விடாமல் உரசும் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், லீவர் அழுத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்தத் தாங்குதிறன் 155 டிகிரி வரை இறங்கலாம்.

பேட் தேய்வது இங்கே விளைவு மட்டுமே. காரணத்தைக் கண்டுபிடிக்க, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, லீவரை அழுத்தி விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகி நின்றால், காலிபரின் பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, சற்றே திறங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஆயில் பீறிட்டு வரலாம். திறந்ததும் சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் திரும்பாமல் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் அதற்குப் போகும் ஓஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம். இரண்டு முன்சக்கரங்களுமே பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரின் நுண்துளை அடைப்பைச் சந்தேகியுங்கள். லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லையா? காலிபரே இறுகியிருக்கிறது. உப்புக்காற்றும் மணலும் சேருமிடத்தில் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். காலிபர் நகரும் பின்களைக் கழற்றித் துரு நீக்குங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். கிழிந்த ரப்பர் பூட்டைப் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, மறுபடி இதே தொல்லையைத் தரும். பிஸ்டனில் துரு கண்டால் சீலோடு சேர்த்து மாற்றுவதே சரி. காற்றழுத்தத்தில் பிஸ்டனை வெளியே தள்ளும்போது விரலை அதன் முன் வைக்கவே கூடாது.

சத்தத்துக்கு வருகிறேன். கரகரப்பு பெரும்பாலும் பேடில் சிக்கிய மணல், அல்லது தேய்ந்த பேடின் இரும்பு டிஸ்க்கில் உரசுவது. பேடின் உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் தாமதிக்க வேண்டாம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். பிரேக்கைத் தொடாதபோதும் இரைச்சல் கேட்டால் சக்கர பேரிங்கையும் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில், அதிக அழுத்தமில்லாமல் கழுவுங்கள். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியில் குறித்த வகையையே ஊற்றுங்கள்.

வேலை முடிந்து ஏர் எடுத்தபின், நீங்களே மெதுவாக ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் டிஸ்க்குக்கும் அருகே தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். சூடு இருபுறமும் ஒரே அளவில் இருந்தால் மட்டுமே விருந்தினரிடம் சாவியைக் கொடுங்கள்.