இன்ச் பக்கம் படிக்கத் தெரியுமா?

மெட்ராலஜி லேப்ல வெர்னியர் காலிப்பரைக் கையில குடுத்தா, கீழே இருக்கிற மில்லிமீட்டர் ஸ்கேலை மட்டும் பார்த்து ரீடிங் எழுதிட்டு வந்துடுவோம். மேலே இருக்கிற இன்ச் ஸ்கேல் நம்மைப் பொறுத்தவரை ஒரு அலங்காரம். ஆனா அமெரிக்க கம்பெனிக்கு ஜாப் செய்யற ஷாப்புக்குள்ள போனா ட்ராயிங் முழுக்க இன்ச்தான். பைப் த்ரெட், சாக்கெட் ஸ்பேனர் எல்லாம் இன்ச்தான். நம்ம ஊர் தச்சர் "ரெண்டு நூல் குறைச்சுக்கோ"ன்னு சொல்றதும் இன்ச் கணக்குதான்: ஒரு இன்ச்சுக்கு 8 நூல்.

முதல்ல உங்க காலிப்பர் எந்த ரகம்னு பாருங்க. ஸ்லைடர்ல 1/1000 அல்லது 0.001 இன்ச்னு பொறிச்சிருந்தா தசம ரகம். 1/128 இன்ச்னு இருந்தா பின்ன ரகம். இதைப் பார்க்காம படிக்க ஆரம்பிச்சா எல்லாமே தப்பாகும்.

தசம ரகத்துல ஒரு இன்ச்சை முதல்ல 10 பாகமாப் பிரிச்சு, 1 முதல் 9 வரை சின்ன எண் போட்டிருப்பாங்க. அந்தச் சின்ன 4-ஐ நாலு இன்ச்னு படிச்சுடாதீங்க, அது 0.4 தான். ஒவ்வொரு பத்தில் ஒரு பாகத்துலயும் நாலு சின்னப் பிரிவு. ஆக ஒரு சின்னப் பிரிவு 0.025 இன்ச். வெர்னியர்ல 25 பிரிவு இருக்கும். அது மெயின் ஸ்கேலோட 24 பிரிவுக்குச் சமம். அப்போ வெர்னியரோட ஒரு பிரிவு 0.024. வித்தியாசம் 0.001, அதுதான் லீஸ்ட் கவுண்ட். ஷாப்புல இதை ஒரு தௌன்னு சொல்வாங்க. (சில காலிப்பர்ல வெர்னியர் நீளமா, 25 பிரிவு 49-க்குச் சமமா இருக்கும். படிக்கிற முறை மாறாது.)

ஒரு ரீடிங் எடுப்போம். வெர்னியரோட சைபர் 1 இன்ச்சைத் தாண்டி, சின்ன 4-ஐத் தாண்டி, அதுக்கப்புறம் ரெண்டு கோட்டையும் தாண்டி நிக்குது. வெர்னியர்ல 11-வது கோடு மேலே ஒரு கோட்டோட நேரா சேருது. 1 + 0.4 + 0.050 + 0.011 = 1.461 இன்ச். மேலே எந்தக் கோட்டோட சேருதுங்கிறது நமக்குத் தேவையே இல்லை. பலர் அந்தக் கோட்டோட மதிப்பைப் போய் படிப்பாங்க.

இனி நான் செஞ்ச தப்பு. இன்-பிளாண்ட் ட்ரெய்னிங் போன ஒரு சின்ன ஷாப்புல, பேரிங் உட்கார்ற ஷாஃப்ட்டை அளக்கச் சொன்னாங்க. ட்ராயிங்ல 1.500, கீழ்ப்பக்கம் மட்டும் 2 தௌ டாலரன்ஸ். சைபர் 1.5 கோட்டு மேலயே நிக்கிற மாதிரி தெரிஞ்சுது. 23-வது கோடு சேர்ந்துச்சு. 1.523-ன்னு சொன்னேன். ஆப்பரேட்டர் நம்பி, விட்டத்துல 23 தௌ எடுத்தார். பேரிங் லொடலொடன்னு ஆடுச்சு. உண்மையில சைபர் 1.5-ஐத் தொடவே இல்லை. அது தாண்டின கடைசிக் கோடு 1.475. கூட 0.023 சேர்த்தா 1.498. நல்லா முடிஞ்சிருந்த ஷாஃப்ட்டை என் ரீடிங் ஸ்கிராப் ஆக்கிடுச்சு. அந்த அண்ணன் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. வெர்னியர் ரீடிங் 20-க்கு மேல வந்தா, சைபர் அடுத்த கோட்டை இன்னும் எட்டாம பக்கத்துல நிக்கணும். 2, 3-ன்னு வந்தா இப்பத்தான் தாண்டியிருக்கணும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா மறுபடி படிங்க. அப்படியே மில்லிமீட்டர் பக்கமும் ஒரு பார்வை: 1.498-ஐ 25.4-ஆல பெருக்கினா 38.05. என் 1.523-க்கு 38.68 வந்திருக்கணும். கீழே குனிஞ்சு பார்த்திருந்தா போதும்.

பின்ன ரகத்துல மெயின் ஸ்கேல்ல ஒரு பிரிவு 1/16 இன்ச். வெர்னியர்ல 8 பிரிவு, அது மேலே 7 பிரிவுக்குச் சமம். அதனால லீஸ்ட் கவுண்ட் 1/16-ல எட்டில் ஒண்ணு, 1/128. சைபர் 1 இன்ச் தாண்டி 11 கோடு தாண்டி, வெர்னியர்ல 6-வது கோடு சேர்ந்தா: 11/16-ஐ 88/128 ஆக்குங்க, 6/128 கூட்டுங்க, 94/128. சுருக்கினா 1 இன்ச் 47/64. ஆனா 1/128-ங்கிறது கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர். பேரிங் ஃபிட்டுக்கெல்லாம் இந்தப் பக்கத்தை நம்பாதீங்க.

தாடையை மூடி சைபர் எர்ரர் பார்க்கிறது, கண்ணை நேரா வெச்சுப் பார்க்கிறது எல்லாம் மில்லிமீட்டர்ல சொல்லிக் குடுத்ததுதான், இங்கேயும் அப்படியே.

அடுத்த லேப்ல 20 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜை இன்ச்ல அளந்து பாருங்க. தசம ரகத்துல 0.7, மூணு சின்னக் கோடு, 12-வது கோடு: 0.787 வரணும். பின்ன ரகத்துல 12 கோடு தாண்டி, 5-வது கோடு கிட்டத்தட்ட சேரும்: 101/128.