வாண்டுகளோடு ஒரு காகிதக் கடல்: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, வீட்டில் 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் ஒரு வாண்டு இருக்கிறதா? மழை நாளிலும் லீவு நாளிலும் அதோடு உட்கார்ந்து மீனும் நண்டும் செய்து பார். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். எந்தப் பொம்மை அழகு என்று பார்க்காதே, பிள்ளையின் கைக்கு இப்போது என்ன வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடு. 3 வயதில் கிழிக்கவும் ஒட்டவும் வரும். 4 வயதில் நேர்கோட்டில் வெட்ட வரும். வளைத்து வெட்டுவது பெரும்பாலும் 5 வயதை ஒட்டித்தான். அதற்கு முன்னால் வெட்டச் சொன்னால் பிள்ளை அழும், நீ வாங்கி வெட்டிக் கொடுப்பாய், கடைசியில் அது உன் பொம்மையாகிவிடும்.

முன்கூட்டியே எடுத்து வை

• கலர் பேப்பர், காகிதத் தட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டரில் கிழித்த தாள். பத்திரிகை அட்டை கெட்டி, உடம்புக்கு ஆகும். காலண்டர் தாள் மெல்லிசு, பிஞ்சு விரலுக்குச் சுலபமாகக் கிழியும்.

• பசைக்கு 2 ஸ்பூன் மைதாவை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கூழ் பதம் வரும்வரை கிண்டி ஆற வை. அன்றன்றைக்குச் செய்துகொள், மறுநாள் புளித்துவிடும்.

• கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். கடையில் விற்கிற ஆடும் பிளாஸ்டிக் கண்ணும் மணியும் வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கட்டாயம் வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும்.

• முனை மழுங்கிய கத்தரிக்கோல். வெட்டும்போது பெருவிரல் மேலே இருக்கட்டும். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வாங்கு.

• ஜிகினாத்தூளைத் தவிர்த்துவிடு. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் பொடிதான், கழுவிவிட்டால் சாக்கடை வழியாகக் கடலுக்கே போகும்.

கிழிக்கிற கைக்கு: மீன்

அட்டையில் மீன் வடிவம் வெட்டி வை. பிள்ளை காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துச் செதிலாக ஒட்டட்டும். வாலிலிருந்து ஆரம்பித்துத் தலைப்பக்கம் வரச் சொல். ஓட்டு வீட்டுக் கூரை போல ஒரு வரிசை அடுத்ததன் மேல் படியும். நிஜ மீனின் செதிலும் அப்படித்தான் வாலைப் பார்த்துப் படிந்திருக்கும்.

ஒட்டுகிற கைக்கு: ஜெல்லி மீன்

காகிதத் தட்டைப் பாதியாக வெட்டி, கிரேயானால் தீட்டச் சொல். நீளக் கீற்றுகளைக் கிழித்து அடியில் ஒட்டினால் ஜெல்லி மீன். மின்விசிறிக் காற்றில் ஆட விட்டு, "இதுக்கு எலும்பு இல்ல, மூளை இல்ல, இதயமும் இல்ல, உடம்பு முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான்" என்று சொல். அடுத்த கேள்வி பிள்ளையிடமிருந்து வரும்.

விரலே அச்சு: நண்டு

இரண்டு கையையும் தாளில் விரித்து வைக்கச் சொல். மணிக்கட்டுப் பக்கம் ஒன்றோடொன்று சேரட்டும், விரல்கள் இரு பக்கமும் வெளியே நீளட்டும், பெருவிரல்கள் மேலே பார்க்கட்டும். சுற்றி வரைந்தால் 8 விரல் நடக்கிற கால், 2 பெருவிரல் கொடுக்கு. நண்டுக்கும் கொடுக்கோடு சேர்த்து 10 கால்தான். வரைந்து முடித்ததும் இருவரும் கூடத்தில் பக்கவாட்டில் நடந்து பாருங்கள்.

வெட்டத் தொடங்கிய கைக்கு: ஆக்டோபஸ்

ஒரு தாளை ஒரே திசையில் மூன்று முறை பாதியாக மடித்துப் பிரி. 7 மடிப்புக் கோடு விழும். கீழிருந்து பாதி உயரம் வரை அந்தக் கோடுகளிலேயே பிள்ளை வெட்டட்டும். 8 கை கிடைக்கும். தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி, ஒவ்வொரு கையையும் பென்சிலில் சுற்றி விடு. ஆக்டோபஸுக்கு 3 இதயம் உண்டு, ஆகவே சிவப்புத் தாளில் 3 இதயம் ஒட்டச் சொல்.

வளைத்து வெட்டுகிற கைக்கு: ஆமை

கவிழ்த்த காகிதத் தட்டுதான் ஓடு. அட்டையில் முன் துடுப்பு இரண்டை நீளமாகவும் பின் துடுப்பு இரண்டைச் சின்னதாகவும் வெட்டி ஒட்டுங்கள். தலை வெளியிலேயே நீட்டியிருக்கட்டும், கடல் ஆமையால் அதை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இராத்திரியில் நம் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமை வந்து, மணலைத் தோண்டி ஏறக்குறைய 100 முட்டை இட்டுப் போகும் கதையை அப்போது சொல்.

நீ எங்கே கையை எடுக்க வேண்டும்

பிள்ளை உட்காரும் முன்பே உன் வெட்டு வேலையை முடித்துவிடு. கால் மணி நேரம் இருந்தால் அதிகம். பாதியில் எழுந்து ஓடினால் விட்டுவிடு, மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். கண் வயிற்றில் ஒட்டியிருந்தால் பிய்த்து மாற்றாதே. "இந்த மீன் எதைப் பார்க்குது?" என்று கேள். வந்த பதிலைத் தேதியோடு பொம்மையின் பின்னால் எழுதி வை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை வேண்டாம்.

அடுத்து என்ன செய்யலாம் என்று வாண்டையே கேள். திமிங்கிலம் என்று சொன்னால், அது மீன் இல்லை, நம்மைப் போல் மூச்சு விடும், குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு, தரையில் நாலு பக்க நாளிதழை விரித்துப் போடு.