கிராம சபையில் உங்க தெரு இருக்கா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரே ஊராட்சியில் பேண்டேஜ் துணி நெய்பவர், மில் ஷிப்ட் போகும் அக்கா, பால்கோவா கடைக்குப் பால் ஊற்றுபவர் எல்லாரும் இருப்பாங்க. இவங்க சேர்ந்து உட்கார்ந்து ஊர் வேலையை முடிவு பண்ணும் இடம் கிராம சபை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். சாதி, மதம், தாய்மொழி எதுவும் தடையில்லை.

கூட்டம் செல்ல கோரம் வேணும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர்; 3,000 வரை 100; 10,000 வரை 200; அதற்கு மேல் 300. சரி, வந்த 100 பேரும் ஒரே தெருக்காரங்களா இருந்தா? கோரம் சரியாகிடும். உங்க தெருக் குழாயில் தண்ணி வராதது மட்டும் தீர்மானத்தில் ஏறாது. அதனால் பக்கத்து வீட்டாரையும் கூட்டிட்டுப் போங்க. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்க.

நகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு வார்டில் பகுதி சபா உண்டு; தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று இது கூடியது.

கிராம சபை நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் அரசு விடுமுறை இல்லை. ஷிப்ட் போறவங்க முன்னாடியே சொல்லி வைங்க.